மோசம் போன விளம்பரம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் அத்திம்பேர் வைத்தீஸ்வரன்தாம். கீலக வருஷம் சித்திரை மாதம், ஓர் ஏகாதசியன்று, பவானிபூரில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாராயணத்தை முடித்துவிட்டு எழுந்தேன். அக்கா நாகலக்ஷ்மி நைவேத்தியம் எடுக்க உள்ளே போயிருந்தாள். அத்திம்பேர் குரலைத் தணித்துக்கொண்டு, "விஜயம், உன் அக்காவைச் சாதுன்னு நினைச்சுண்டிருக்கியா?" என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பரிகாசத்துக்காக அல்ல. தாம் தோற்ற கதையைத் தாமே சொல்லுகிற புருஷர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பகவான் அவருக்கு நல்ல மனசைக் கொடுத்திருக்கிறார்.

அத்திம்பேருக்கு அலிப்பூரில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். அதற்கு முந்தின மார்கழியில் அங்கே ஒரு பெரிய விவசாயக் கண்காட்சி ஏற்பாடாயிற்று. நெல், சணல், கரும்பு, காய்கறி, கறவை மாடு எல்லாம் கொண்டு வந்து வைப்பார்கள். விளைந்ததைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, ருசித்தும் பார்க்க வேண்டுமென்று ஒவ்வொரு சீமைச் சமையலுக்கும் ஒரு கொட்டகை. நம் சென்னை ராஜதானிக் கொட்டகைக்கு ஜனங்களைக் கூட்டும்படி விளம்பரம் எழுதுகிற பொறுப்பை ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான வங்காளிப் பெரிய பாபு அத்திம்பேரிடம் கொடுத்தார்.

"கல்கத்தாவே திரண்டு வரப்போறது. என் பேனா என்ன பண்ணும்னு இனிமேல்தான் நீ பாக்கப்போறே" என்றார் வீட்டுக்கு வந்து.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "வியாழக்கிழமை பொம்மனாட்டிகளுக்கு மாத்திரமாம். பௌதி சொன்னா. நானும் போயிட்டு வரட்டுமா?"

பௌதி என்றால் வங்காளியில் மன்னி. அடுத்த வீட்டு அம்மாளை அக்கா அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எரு, விதை, மாடு. இதிலே நீ பாக்க என்ன இருக்கு?"

"மாட்டைத்தான் பாக்கணும். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. நெல்லைக் கண்ணால பாக்கலை. அரிசியை மூட்டையிலதான் பாக்கறேன்."

"மூட்டைக்குள்ளே இருக்கிறவரைக்கும்தான் அரிசிக்கு மரியாதை. நம்மாத்துப் பொம்மனாட்டி கண்காட்சிக்குப் போனா அவளே ஒரு காட்சியாயிடுவா."

அக்கா ஸ்வாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன் நெடுநேரம் நின்றாளாம். இதைச் சொல்லும்போது அத்திம்பேர் முகத்தில் சிரிப்பில்லை.

மறுநாள் காலை அத்திம்பேர் காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வங்காளத்தார் நாக்கிலே வச்சே பாக்காத பண்டம் ஒண்ணு வேணும். நானே கண்டுபிடிச்சுட்டேன். வாழைப்பூ."

"வாழைப்பூவா?"

"போன வாரம் வாங்கிண்டு வந்தேனே. உன் பௌதி சுவருக்கு மேலே எட்டிப் பாத்து என்ன சொன்னா? மோசா, மோசான்னு கையை ஆட்டிச் சொல்லலை? என் காதாலே கேட்டேன். இவாளுக்கு வாழைப்பூ மோசம். தூக்கி எறிஞ்சுடறா."

"அப்போ சந்தையிலே யாருக்கு விக்கறான்?"

"நமக்குத்தான்."

"அது வந்து, மோசான்னா..."

"மோசம்னா மோசம்தான். எனக்குத் தமிழ் தெரியாதா?"

"அவ பேசினது தமிழ் இல்லையே."

"பதினோரு வருஷமா இந்த ஊரிலே உத்தியோகம் பாக்கறது நானா, நீயா?"

அத்திம்பேர் எழுதினார். 'வங்காள மகாஜனங்களே, நீங்கள் மோசமென்று குப்பையில் எறியும் வாழைப்பூவின் மகிமையை அறியாமல் இத்தனை தலைமுறைகளை வீணாக்கினீர்கள். எங்கள் கொட்டகைக்கு வந்து, உண்டு, ஞானம் பெறுங்கள்.' எழுதியது இங்கிலீஷில். வங்காளியில் அவருக்கு ஓர் எழுத்தும் வாசிக்க வராது. பௌதியின் அகத்துக்காரர் சின்னதாய் ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். அவரே வங்காளியில் மாற்றி அச்சடித்துக் கொடுப்பதாகப் பேச்சு.

"எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு. இதைப் பௌதிகிட்டக் கொடுத்துடு."

"எங்கேயாவது கொஞ்சம் மாத்தணும்னா?"

"அதெல்லாம் அங்கே பாத்துப்பா. என்னைத் தொந்தரவு பண்ணாதே."

மூன்றாம் நாள் ஊரெங்கும் சுவர்களில் விளம்பரம் ஒட்டியாயிற்று. அத்திம்பேர் ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் நின்று பார்த்தார். தலைகீழாக ஒட்டியிருந்த ஒன்றைக்கூடத் தலையாட்டி ரசித்தாராம்.

அன்று மத்தியானம் பெரிய பாபு அவரைக் கூப்பிட்டனுப்பினார். பாபு அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"உம் விளம்பரம் பார்த்தேன், வைத்தீஸ்வரன் பாபு. மனசு குளிர்ந்தது. என் அதிர்ஷ்டம், இன்றைக்கு எங்கள் வீட்டிலும் மோசாதான்."

டப்பாவில் இருந்தது வாழைப்பூக் கறி.

அத்திம்பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளம்பரத்தை ஒரு தரம் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டார். பாபு சந்தோஷமாக வாசித்து இங்கிலீஷில் அர்த்தமும் சொன்னார். 'நீங்கள் ஆசையாய் உண்ணும் மோசாவை நாங்களும் ஆசையாய் உண்கிறோம். எங்கள் பக்குவத்தையும் வந்து ருசித்துப் பாருங்கள். பெண்கள் நாளான வியாழக்கிழமை, வைத்தீஸ்வரன் பாபுவின் மனைவியே அடுப்பருகில் நின்று செய்து காட்டுவார்.'

"தம் மனைவியையே அனுப்ப எத்தனை பேருக்கு மனசு வரும்?" என்றார் பாபு. "எங்கள் வீட்டிலிருந்து பதினாறு பெண்கள் வருகிறார்கள்."

சாயங்காலம் அத்திம்பேர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார். "மோசான்னா வாழைப்பூன்னு ஏண்டி சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். மோசம்னா மோசம்தான்னுட்டேள்."

"நான் எழுதினதை அப்படியே அச்சடிச்சிருந்தா?"

"ஊரே உங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கும். அதுக்கு எனக்கு மனசு வரலை."

"அந்த வியாழக்கிழமை?"

"அதுக்கு மனசு வந்துது."

வியாழக்கிழமை அக்கா வாழைப்பூ வடை சுட, அத்திம்பேர் இலுப்பச்சட்டியும் ஜல்லிக்கரண்டியும் சுமந்துகொண்டு கண்காட்சி வாசல் வரைக்கும் போனார். புருஷர்களை உள்ளே விடுவதில்லை என்று சேவகன் தடுத்துவிட்டான். அந்த விதியை டைப் அடித்ததே அத்திம்பேர்தானாம். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் எதிரே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே பௌதி ஒரு மணி நேரம் கரண்டியை வாங்கிக்கொண்டு அக்காவைச் சுற்றிப் பார்க்க அனுப்பியிருக்கிறாள். டிராமில் திரும்பி வரும்போது அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். நெல்லில் எத்தனை ஜாதி, கறுப்பு நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது, அண்டா அளவு பூசணிக்காய், ஒரு பசு அவள் கையை நக்கினது. "பதினோரு வருஷத்திலே அவ அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை, விஜயம்" என்றார் அத்திம்பேர்.

வீடு நெருங்கியபோது, "எனக்கு ரெண்டு வடையாவது எடுத்து வச்சியோ?" என்று கேட்டாராம்.

"மிஞ்சலை. அடுத்த வியாழனும் வரச் சொல்லியிருக்கா. முப்பது பூ வேணும். நீங்க ஒத்தாசை பண்ணினாத்தான் ஆகும். பூவிலே நரம்பு மாதிரி இருக்கிற கள்ளனை எடுக்கத் தெரியுமோன்னோ?"

தெரியாது. இப்போது தெரியும்.

இந்த மார்கழியிலும் அலிப்பூரில் கண்காட்சி இருக்கிறது. பெண்கள் நாள் வியாழக்கிழமைதான். அக்காவும் நானும் போகிறோம். இதைப் படிக்கும் சகோதரிகள் முடிந்தால் வாருங்கள். அங்கே கூட்டம் அதிகமாயிருக்கும். ஜலம் குடிக்க அவரவர் தம்ளரை மட்டும் கொண்டு வந்துவிடுங்கள்.