மண்டோரை மாற்றிய கிராணி

காளியண்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த ஆடித் திருவிழாவில் அவர் தீ மிதிக்கப் போவதில்லை. ஆனால் பயந்து பின்வாங்கினார் என்று மலேசியாவின் அசாம் ஜாவா ஊரில் ஓர் ஈ காக்கைகூடச் சொல்லக் கூடாது.

வினையை விலை கொடுத்து வாங்கியவர் அவரேதான். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் புனிதன், "இந்த வருஷம் குழியில எறங்க ஆளு கம்மி" என்று வருத்தப்பட்டார். காளியண்ணனின் வாய் சும்மா இருக்குமா? "நான் எறங்குறேன் லா!" என்று எழுந்து நின்றுவிட்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான், என்ன சொல்லித் தொலைத்தோம் என்பதே அவருக்குப் புரிந்தது.

தப்பிக்க ஒரே வழிதான். மனைவி ரூபினி தடுக்க வேண்டும். "வீட்டுல வேணாங்குறாங்க" என்று சொல்லிவிட்டால் கமிட்டியில் மறுபேச்சு கிடையாது. அங்கே எல்லாரும் கல்யாணமானவர்கள். ரூபினியோ மஞ்சள் வேட்டி வாங்கி வந்து மடித்தே வைத்துவிட்டாள்.

"ஏங்க, எனக்கு எம்புட்டுப் பெருமையா இருக்கு தெரியுமா?"

"நெருப்பாச்சே, ரூபினி... சுடும்ல?"

"ஆத்தா பாத்துக்குவா. நீங்க விரதம் மட்டும் சுத்தமா இருங்க."

புருஷன் சொன்னால் ரூபினி கேட்க மாட்டாள்; கைப்பேசி சொன்னால் கேட்பாள். வீட்டிலேயே இடியாப்பம் செய்து விற்கிறவள் அவள். அரிசி மாவு விலையிலிருந்து மழை வருமா என்பது வரைக்கும் கைப்பேசியைத்தான் கேட்பாள். ஆகவே காளியண்ணன், செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடும் வேலைக்கு நடுவே, ஒரு செயற்கை நுண்ணறிவைத் தேடிப் பிடித்தார். சாதாரணமானது அல்ல. இன்னொரு செயற்கை நுண்ணறிவை உருவாக்கி, அன்றாடம் அதன் குறைகளைத் திருத்தித் திருத்திக் கெட்டிக்காரனாக்குகிற வகை.

காளியண்ணனின் அப்பா தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக, இருந்தவர். உலகத்தில் அதற்கு மேல் ஒரு பதவி உண்டு என்பது மகனின் மனதில் ஏறியதே இல்லை. உருவாக்குகிற இயந்திரத்துக்கு 'மண்டோர்' என்று பேர் வைத்தார். அது ரூபினியின் இடியாப்ப ஆர்டர்களைக் கவனிக்கச் செய்து தந்த உதவியாளுக்கு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் பேரான 'கிராணி'.

மண்டோருக்கு இரகசிய உத்தரவு போயிற்று. கிராணி பேச்சோடு பேச்சாக, தீ மிதி வேண்டாமென்று ரூபினியின் மனதைக் கரைக்க வேண்டும். ரூபினி என்ன குறை சொன்னாலும் அதை வைத்துக் கிராணியைத் திருத்திக்கொண்டே வர வேண்டும்.

முதல் நாள், காளியண்ணன் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டார்.

"கிராணி, கல்யாண வீட்டு ஆர்டருக்கு எத்தனை தேங்காய் வேணும்?"

"நாற்பது, மேடம். நெருப்பு மிகவும் சூடானது, மேடம்."

ரூபினி கைப்பேசியை முறைத்தாள். "சுத்தி வளைக்காத. எதுவா இருந்தாலும் நேராச் சொல்லு."

காளியண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாளையிலிருந்து கிராணி நேராகவே பேசும்!

இரண்டு நாள் கழித்து மண்டோர் அவருக்கும் யோசனை சொல்லத் தொடங்கியது. மனைவி இரக்கப்பட வேண்டுமென்றால் விரதம் கடுமையாக இருக்க வேண்டுமாம். பீர்? மூச். தே தாரிக் தேநீர்? சீனி போடாமல். விடிந்ததும் செம்பனைக் காட்டு மண் ரோட்டில் வேர்க்க வேர்க்க நடை. காளியண்ணன் ஒன்று விடாமல் செய்தார். ஆள் மெலிந்தார். சட்டை தொளதொளத்தது. ரூபினி இரக்கப்படவில்லை. "மொகத்துல என்னா களை!" என்றாள்.

"என்னடா மண்டோர், அவ மனசு இன்னும் மாறலையே?"

"நல்ல முன்னேற்றம் தெரிகிறது, ஐயா. இரவுச் சோற்றைப் பாதியாக்குங்கள்."

திருவிழாவுக்கு முதல் நாள் கோயில் திடலில் விறகு இறக்கினார்கள். எடை போட்டே பழகிய கண் அந்த விறகையும் தானாக எடை போட்டது. நேரே வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"ரூபினி, எனக்குப் பயமா இருக்கு. நான் எறங்க மாட்டேன். யாரு என்ன வேணா சொல்லட்டும்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ரூபினி இடியாப்ப அச்சைக் கீழே வைத்தாள். "உங்கள யாரு எறங்கச் சொன்னா? நீங்க பேரு குடுத்த மறுநாளே புனிதன் அண்ணன்கிட்டச் சொல்லி எடுத்தாச்சு. இனிப்பு நீர் வியாதி உள்ள காலு. புண்ணு வந்தா ஆறுமா? நெருப்புல வைக்க விட்டுருவேனா நான்?"

காளியண்ணன் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்படியொரு நிம்மதியை அவர் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

"கமிட்டியில என்னான்னு சொன்ன?"

"நான்தான் விடலைன்னு சொன்னேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. உங்ககிட்ட மூச்சு விடாதீங்கன்னேன். அதுக்கும் தலையாட்டுனாங்க."

பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப இத்தனை நாளு என்னை எதுக்குப் பட்டினி போட்ட?"

"நானா போட்டேன்? உங்க மண்டோரு."

"அது என் ஆளு!"

"கிராணிய நேராச் சொல்லுன்னேன்ல? மறுநாளே சொல்லிருச்சு. 'உங்க வீட்டுக்காரர்தான் இப்படிப் பேசச் சொன்னார், மேடம்'னு. சரி, அந்த மண்டோரையும் எனக்கு வேலை செய்யுற மாதிரி மாத்திக் குடுன்னேன். மாத்திக் குடுத்துருச்சு."

"கிராணியச் செஞ்சதே மண்டோருதானே! அது எப்படி மண்டோர மாத்தும்?"

"ஏங்க, தோட்டத்துல மண்டோரு யாருக்குக் கீழ?"

காளியண்ணன் யோசித்தார். "கிராணிக்கு."

"பேரு வச்சது நீங்கதானே? கிராணி அதிகாரம் பண்ணுச்சு, மண்டோரு பணிஞ்சிருச்சு. நேத்து கிளினிக்குல என்னா சொன்னாங்க? இனிப்பு நல்லா எறங்கியிருக்குன்னாங்கள்ல? வருஷக்கணக்கா நான் கத்தி எறங்காதது!"

அவருக்குக் கோபம் வரவில்லை. காலும் பிழைத்தது, மானமும் பிழைத்தது. இனி என்ன வேண்டும்?

"சரி லா. திருவிழா முடிஞ்சதும் விரதமும் முடிஞ்சிரும்ல? காரமா ஒரு மீன் கறி வையி."

ரூபினி கைப்பேசியைப் பார்த்தாள். உள்ளிருந்து கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"புரட்டாசி விரதம் வருகிறது, ஐயா. அதற்கான ஒத்திகை நாளை மறுநாளே ஆரம்பம்."