லைன் வீட்டில் கப்பல் மணி

ஊரிகம்,
கோலார் தங்கவயல்.
12-9-1963

அன்பு மைத்துனன் ஜெயகரனுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அக்கா பாக்கியவதி நலம். உன் அப்பா எங்கள் எல்லோரையும்விட நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான். ஆகவே இக்கடிதம் கண்டவுடன் கடலூரில் ரயிலேறி வந்து உன் அப்பாவை அழைத்துக்கொண்டு போ.

ரங்கூன் கப்பலில் சுக்கான் பிடித்தவர், பெரிய மனிதர், என் மாமனார். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் கப்பலாக்க வேண்டுமா? குழாயடியில் சண்டை போட்டு பாக்கியவதி பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் பொழுது விடிந்ததும் வாசல் சிமெண்டில் கொட்டித் தேங்காய் மட்டையால் தேய்க்கிறார். தளம் கழுவாமல் கஞ்சி குடிக்கக் கூடாதாம். வீட்டில் யாரும் சீட்டியடிக்கக் கூடாது, புயல் வருமாம். புயல் வந்து இந்த ஊரில் எதை மூழ்கடிக்கும்? போதாததற்குப் பக்கத்து வீட்டு ஏனோக்கிடம், "உங்க மைசூர் ராஜ்யத்துக்குக் கடல் ஏதுய்யா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்திலிருக்கும் பங்காருப்பேட்டையைக்கூடத் தாண்டாத ஏனோக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் இல்லே? மங்களூரு, கார்வாரு எல்லாம் எங்களுதுதாங்க!" என்றார். "அது நேத்து சேந்தது. எங்காளுங்க ஆயிரம் வருசத்துக்கு முன்னியே கடாரத்துக்குக் கப்பல் உட்டவங்க!" என்றார் மாமா. அன்றிலிருந்து ஏனோக் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கடாரத்துக்கு நானா போனேன்?

இதையெல்லாம் பொறுத்தேன். மணியைத்தான் பொறுக்க முடியவில்லை. உடைத்துப் போட்ட கப்பலிலிருந்து ஒரு வெண்கல மணி வாங்கி வைத்திருந்தாரே, அதைக் கூடவே கொண்டுவந்து வாசல் நிலையில் மாட்டி, கப்பல் வழக்கப்படி அரைமணிக்கொரு தரம், ஒன்று, இரண்டு என்று எட்டு வரை ஏற்றி ஏற்றி அடிக்கிறார். என் வேலை உனக்குத் தெரியும். சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ், என் எஞ்சினில்தான் ஓடுகிறது. கீழேயிருந்து வரும் மணியைக் கேட்டுத்தான் தூக்குவேன், நிறுத்துவேன். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் படுத்தால் இவர் மணி அடிக்கிறார், தூக்கத்திலேயே என் கை பிரேக்கை இழுக்கிறது. நேற்று இழுத்தது பாக்கியவதியின் கொண்டையை. கேஜில் தொங்குவது மனுஷ உயிர், ஜெயகரா. தூங்காத கண்ணோடு ஒருநாள் நான் தவறிவிட்டால் யார் பதில் சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது.

தானாகவே போய்விடுவார் என்றுதான் நம்பியிருந்தேன். வந்த நாளாய் அவருக்கும் தூக்கமில்லை. "அசையாத எடத்துல எப்பிடி மாப்ளே படுக்கறது?" என்று புலம்பி, மூட்டைகூடக் கட்டிவிட்டார். போன வாரம் மத்தியானம் கீழே ராக் பர்ஸ்ட். பாறை வெடித்து லைன் முழுக்க ஆடியது, பரணிலிருந்து பாத்திரங்கள் உருண்டன, எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். கீழே யாருக்கும் அடியில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மாமாவை மட்டும் காணோம். அலறிக்கொண்டு உள்ளே போனால், கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார். "இப்பத்தான் வூடு வூடா இருக்குது மாப்ளே" என்றார், திரும்பிப் படுத்தார், குறட்டை விட்டார். எழுந்ததும் முதல் வேலையாக மூட்டையைப் பிரித்தார். இனிமேல் இங்கேதானாம்.

தாமதிக்காமல் வா. உன் வீட்டாருக்கு எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் குடும்பத்தையும், அங்கே காலியாகக் கிடக்கும் மாமாவின் கட்டிலையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
கண்ணெரிச்சலுடன்,
மாணிக்கராஜ்

பி.கு.: ஒட்டுவதற்குமுன் இதைப் படித்த பாக்கியவதி, மணியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். இன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தேன். ஒரு சத்தமில்லை. எஞ்சின் ரூமில் நேரத்துக்கு மணி வராவிட்டால் கீழே ஏதோ விபரீதம் என்று அர்த்தம். இன்னும் வரவில்லையே, இன்னும் வரவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டதே தவிர, கண் மூடவில்லை. கடைசியில் எழுந்துபோய்ப் பானைக்குள் கைவிட்டு மணியை எடுத்து மாமா கையில் கொடுத்தேன். "அடிங்க மாமா" என்றேன். "எத்தினி மாப்ளே?" என்றார். "உங்க இஷ்டம்" என்றேன். அடித்தார். அடுத்த மணி என் காதில் விழவில்லை. நீ வர வேண்டாம்.