பைசெப்ஸ் சார்

கையை மடக்கிக் காட்டாமல் வணக்கம் சொல்லத் தெரியாத ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவரின் நிஜப் பெயர் யாருக்கு ஞாபகம்? 'பைசெப்ஸ் சார்' என்றால்தான் தெரியும்.

வெயிலோ குளிரோ, சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, தேநீர்க் கோப்பையோடு போகிறவரை வழிமறித்து, "தொட்டுப் பாருங்க, கூச்சப்படாதீங்க" என்று தொடவைத்து, தொட்டவர் விரலை எடுப்பதற்குள் பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

"இதுக்கு ரெண்டு தலை. ரெண்டும் தோள்பட்டை எலும்புல பிடிச்சிருக்கு. கீழ ஒரே தசைநாண், முன்கை எலும்புல போய்ச் சேருது. முழங்கையை மடக்குறது மட்டுந்தான் இதோட வேலைன்னு நினைச்சீங்களா? உள்ளங்கையை மேல பார்க்கத் திருப்புறதும் இதுதான் சார்!"

தலை இரண்டாம். மூளை எதில் என்று யாரும் கேட்டதில்லை. தேநீர் மட்டும் ஆறிப்போகும்.

போன வருடம் வீடு மாற்றினார். வாஷிங் மெஷினைப் படியிறக்க மனைவியின் தம்பி வந்திருந்தான்.

"மாமா, இருங்க. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுறேன்."

"எதுக்குடா? இந்தக் கை என்ன சும்மாவா இருக்கு?"

பாதிப் படியில் மெஷின் நழுவியது. மடக்கிய கையால் தாங்கிப் பிடித்தார். டப்பென்று ஒரு சத்தம்.

"ஐயோ, மெஷின்ல என்னவோ போச்சு!" என்றார் மனைவி.

"மெஷின் இல்லக்கா," என்றான் தம்பி. தசை முழங்கைப் பக்கத்தைக் காலி செய்துவிட்டு, தோள் பக்கமாகப் பந்துபோல் சுருண்டு கிடந்தது. அவ்வளவு பெரிதாக அது என்றைக்கும் இருந்ததில்லை.

"கீழ்நாண் அறுந்திருக்கு. உள்ளங்கையைத் திருப்புங்க," என்றார் டாக்டர். பாதிகூடத் திரும்பவில்லை.

"பழையபடி வருமா டாக்டர்?" குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"தைச்சுடலாம். வரும். அவசரப்படக் கூடாது."

வெளியே பெஞ்சில் மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து கொடுத்தார். சார் வாங்கிக் குடித்தார். எந்தத் தசை மூடியைத் திறந்தது என்று சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் மனைவிக்கு அழுகை வந்ததாம்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. திருந்திவிட்டார் என்கிறீர்களா? அலுவலகத்துக்குத் திரும்பி வந்த அன்றே சட்டைக் கை மேலே போனது. "இந்தத் தழும்பைத் தொட்டுப் பாருங்க. அறுந்தவனுக்குத்தான் சார் அதோட அருமை தெரியும்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் ஒரு கை இன்னொரு கையில் எந்த இடத்தில் இருக்கிறது? மெதுவாக எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார்.