கொடி பறந்தால் ஐயா உள்ளே

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி, அதிபர் மாளிகையில் கொடி ஏற்றுபவன், வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். அதைவிட, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த மாடி அறை ஒழுகாமல் நலமாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் நானும் என் வீட்டுக்காரியும் அங்கே குடிவரும்படி ஆகலாம். ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அதிபர் மாளிகைக்குள் இருந்தால் கூரையில் கொடி பறக்க வேண்டும், வெளியே போனால் இறக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் வேலை. இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு மேகம் ரொம்பத் தாழ்வாக வந்தது அத்தான், கை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை தன்பாட்டுக்குக் கயிற்றை இழுத்திருக்கிறது. மேகம் நகர்ந்ததும் பார்த்தால், கொடி உச்சியில்! அதிபரோ முதல் நாளே பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டார். அப்போது இறக்கியவனும் நான்தான்.

உடனே இறக்க வேண்டியதுதானே என்பீர்கள். உங்களுக்கென்ன, சொல்லிவிடுவீர்கள். ஏற்றிய கொடியை இறக்க வேண்டுமானால், அதிபர் வெளியே போனார் என்று வாசல் காவலர் சீட்டு எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். கீழே ஓடினேன்.

"உள்ள வராத மனுஷன் எப்படிங்க வெளிய போவாரு?" என்றார் காவலர்.

"முதல்ல வந்தாருன்னு எழுதுங்க, அப்புறம் போனாருன்னு எழுதுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

அப்படியொரு யோக்கியர். அதற்குள் கொடியைப் பார்த்த சமையல்காரர் சூப் வைத்துவிட்டார், வாத்தியக்காரர்கள் வரவேற்பு வாசித்துவிட்டார்கள், செயலாளர் கோப்புகளோடு அதிபரின் அறைக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "ஐயா யோசிக்கிறாரு, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று கிசுகிசுத்தார். ஐயா உள்ளே இல்லை என்று முதலில் சொல்கிறவன் தலைதான் உருளும் என்று ஆளாளுக்குப் பயம். மத்தியானத்துக்குள் மாளிகையே நுனிக்காலில் நடந்தது. அறைக்கு அறை திரைச்சீலை மெல்ல ஆடியது. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிம்மதியாக மூச்சுவிடுவது போலிருந்தது. சத்தியமாச் சொல்றேன் அத்தான், கயிற்றை இழுத்தவன் நான், எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கதவு பக்கத்துல போய், "ஐயா, ஏதாவது வேணுங்களா?"ன்னு கேட்டேன். எதுவும் கேட்காத, யாரையும் அதட்டாத அந்த அதிபர் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

நாலு மணிக்கு வந்து சேர்ந்தது வினை. நிஜ அதிபரின் கார் சொன்ன நாளுக்கு முன்னதாகவே வாசலில் வந்து நின்றது. வாசலில் வேறு காவலர் வந்திருந்தார். இவர் காலையில் நடந்தது எதுவும் அறியாதவர். காரை மறித்துக் கொடியைக் காட்டினார்.

"ஐயா உள்ள யோசிச்சிட்டு இருக்காருங்க. யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு."

"நான்தான்யா அந்த ஐயா!"

"இருக்கலாம்ங்க. ஆனா கொடிப்படி நீங்க உள்ள இருக்கீங்க."

நாட்டின் அதிபர் கால் மணி நேரம் தன் வீட்டு வாசலில் நின்றார். கடைசியில் செயலாளர் ஓடிவந்து, இரண்டு அதிபர்களில் காரில் இருந்தவரைத் தேர்ந்தெடுத்து உள்ளே அழைத்துப் போனார்.

இன்று எனக்கு மெமோ வந்துவிட்டது. நாளைக் காலை அதிபர் முன் நேரில் நிற்க வேண்டும். வேலை போனால், வேலையோடு வந்த வீடும் போகும். வீட்டுக்காரி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். "மேகத்தப் பாத்தாராம் மேகத்த! அந்த மேகத்துலயே ஒரு ரூம் கேளுங்க" என்கிறாள். வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் பயமாக இருக்கிறது அத்தான். அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு தொழில் எனக்குத் தெரியாது. ஆகவே தயவுசெய்து நாற்காலிகளை அகற்றி அறையை ஒழித்து வையுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கூரை ஏறாத வேலைக்குப் போக என் ஆசிகள். உங்கள் மூட்டுவலி, நாங்கள் மாடி ஏறி வருவதற்குள் உங்களைவிட்டு இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: அதிபரைப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவர் மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, "அன்னிக்கு நான் உள்ள எப்படி இருந்தேன்?" என்று கேட்டார். "ரொம்ப நிம்மதியா இருந்தீங்கய்யா. யாருமே தொந்தரவு பண்ணல" என்றேன். எழுந்து போய் அறைக் கதவைத் தானே சாத்தினார். பிறகு, "அடுத்த செவ்வாயும் ஏத்திடுங்க. நான் பின்வாசல் வழியா போயிடறேன்" என்றார். "வேலை போனா எங்க போறதா இருந்தீங்க?" என்றும் கேட்டார். சொன்னேன். "மாடியில காத்து வருமா?" என்றார். ஆகையால் அத்தான், எங்களுக்கு அறை வேண்டாம். நாற்காலிகளை மட்டும் எப்படியும் எடுத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை ஒருவர் தூங்க வருவார்; யாரென்று அக்காவிடம்கூடச் சொல்லாதீர்கள்.