நாற்பது கோடு போட்ட நோட்டு

என் தலை எப்போதும் குனிந்தே இருக்கும். பணிவு என்று பலர் நினைக்கிறார்கள். பயம், அவ்வளவுதான். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சட்டைப் பையைப் பார்த்துப் பேசியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒரு கடையையே கவிழ்க்கப் பார்த்தது.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணி ஊரில் ஜமால் பாயின் வீடியோ கேம் கடை அது. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த எனக்கு அங்கே பெட்டி அடுக்கும் வேலை. (தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்தியவன். பெட்டியின் மேலிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் அடுக்குவேன்.) புது கேம் மெஷின் வரப்போகிறது என்றதும் பாய் ஒரு நோட்டைக் கொடுத்தார்.

“சேகரு, கேட்டு வர்றவங்க பேர எழுதி வைப்பா. முந்தின மாடல் மொத வாரத்துல பன்னண்டு போச்சு. இது எவ்ளோ போகும்னு பாத்துதான் ஆர்டர் போடணும்.”

பேர் கேட்பதா? நானா? தோட்டத்தில் காலைப் பெரட்டு வரிசையில் ஆள் கணக்கெடுக்கும் கங்காணி, தலையைத் தூக்காமல் ஆளுக்கொரு கோடு போடுவார். நானும் அப்படியே செய்தேன். “அண்ணே, புதுசு வந்துருச்சா?” என்று குரல் கேட்கும். தொழிற்சாலையின் நீலச் சட்டை தெரியும். “இன்னும் இல்லீங்க.” ஒரு கோடு. மறுநாளும் நீலச் சட்டை. பக்கத்து ஊர் கூலிம் தொழிற்சாலையே திரண்டு வருகிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒன்றரை மாதத்தில் நாற்பது கோடு. பினாங்கிலிருந்து வந்த மொத்த வியாபாரி அம்மாவால் நம்பவே முடியவில்லை.

“போன தடவ பன்னண்டு, இந்தத் தடவ நாப்பதா? நெஜமாவா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் அவர் சட்டைப் பையைப் பார்த்தேன்.

“நாப்பதுங்க... கொறஞ்சது.”

(அந்தக் ‘கொறஞ்சது’ எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. பயந்தால் எனக்கு ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிடும்.)

நாற்பது பெட்டிகள் வந்து இறங்கின. “இது போகலன்னா கடைய மூட வேண்டியதுதான் லா,” என்று பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் சோறும் இறங்கவில்லை.

விற்பனை நாளில் வரிசை நிற்பதற்காக வாசலில் கயிறெல்லாம் கட்டினோம். பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும் ஒரு நீலச் சட்டை நுழைந்தது. அவருக்குப் பின்னால் வெறும் கயிறு.

“மத்தவங்கல்லாம் எங்கப்பா?” என்றார் பாய்.

வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாடிக்கையாளரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

“அண்ணே, உங்ககூட வேல செய்றவங்க வரலையா?”

“அவங்க எதுக்கு வரணும்? வீட்டுக்குப் போற வழின்னு தெனமும் நான்தானே வந்து கேட்டேன். நீங்ககூட நோட்டுல குறிச்சு வச்சீங்களேண்ணே!”

பாய் நோட்டைப் பார்த்தார். நீலச் சட்டைக்காரரைப் பார்த்தார். “இந்த நாப்பதும் நீங்கதானா?”

“ரெண்டு கோடு என் மச்சான் லா,” என்றார் அவர், நேர்மையாக.

முதல் வாரம் ஐந்து பெட்டிதான் போனது. என்னை அன்றே அனுப்பிவிடுவார் என்று பார்த்தேன். கடைசிப் பெட்டி விற்கும்வரை நீ இங்கேயே கிட என்றார் பாய். தீபாவளி, ஹரிராயாப் பெருநாள், மறுபடியும் தீபாவளி என்று அது ஒரு வருடத்தைத் தாண்டியது. அதற்குள் நான் அவருக்குப் பழகிவிட்டேன்.

போன மாதம் மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சமையல்காரத் தம்பி எத்தனை பேருக்கு என்று போனில் கேட்டான். “நூறு,” என்றேன். என் மனைவி அடுப்படியிலிருந்தே கத்தினாள்:

“தம்பி, மூஞ்சியப் பாத்து எண்ணுனாரா, சட்டையப் பாத்து எண்ணுனாரான்னு மொதல்ல கேட்டுக்கப்பா!”