மச்சானின் அஞ்சு கிகாஹெர்ட்ஸ்

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், தையற்கடைக்காரன், வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகளும் நலம். அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், தாங்கள் வாங்கிய கம்ப்யூட்டரும் நலமா? கம்ப்யூட்டரைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் பெண் பரிமாறிக்கொண்டிருந்தபோது, தாங்கள் சொன்னது: "மாப்ளே, என் மிஷின் அஞ்சு கிகாஹெர்ட்ஸ். உன் பொண்ணோட கம்பெனி புதுசா விட்டிருக்கிற பிராசசர் மூணரைதானாம். வேகத்தைக் குறைக்கிறதுக்கா அவளுக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" சொந்தம் மொத்தமும் சிரித்தது. என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தாங்களோ கை கழுவும் வரைக்கும் அஞ்சு அஞ்சு என்று விடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, மச்சான். பிராசசர் வடிவமைக்கிற பெண்ணைப் பெற்றவன் நான், இந்தத் தெருவில் வேறு யாருக்காவது அந்தப் பாக்கியம் உண்டா? குனிந்த அவள் தலையை நிமிர்த்தாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

இதில் ஒரு சிக்கல். எனக்கும் உள்ளூர அஞ்சுதான் பெரிசாகப் பட்டது. அவளிடமே கேட்டேன். "அப்பா, கிகாஹெர்ட்ஸ்னா உள்ள இருக்கிற கடிகாரம் ஒரு நொடிக்கு எத்தனை தடவ துடிக்குதுன்னு கணக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வேலை முடியுதுங்கிறது வேற கணக்கு. உங்க கடையையே எடுத்துக்கோங்க, வேகமா தாளம் போட்டா சட்டை வேகமா வந்துடுமா?" என்றாள். ஏன் வராது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சும்மா விடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது தாங்கள் அறிந்ததே.

மாடியில் குடியிருக்கும் பாட்டு வாத்தியாரிடம் முள் ஆடி டக் டக் என்று தாளம் போடும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை இரவல் வாங்கி வந்து கல்லா மேல் வைத்து, "இன்னையிலருந்து எல்லாரும் இந்தத் தாளத்துக்குத்தான் வேலை செய்யணும்" என்று அறிவித்து, முள்ளை முடுக்கிவிட்டேன். அன்றைக்குக் கடையைப் பார்த்திருக்க வேண்டும். தைப்பவர் டக் டக்கென்று மிதிக்கிறார், பாபினில் நூல் தீர்ந்துவிடுகிறது, நூல் இருப்பதோ பின்கட்டு அலமாரியில், அவர் எழுந்து போய் வருவதற்குள் தாளம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. காலர் வராததால், பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், காஜா ஆகாததால் இஸ்திரிக்காரர் வெறும் பலகைக்கு இஸ்திரி போடுகிறார். தாளத்தை இன்னும் முடுக்கினேன். மோட்டார் மிஷினிலிருந்து புகை வந்தது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் வழக்கத்தைவிட ஒரு சட்டை குறைவு. கட்டிங் மாஸ்டர் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் பெண் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தபின், பின்கட்டு நூலையும் பொத்தானையும் ஒரு தட்டில் போட்டுத் தைப்பவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். பிராசசரிலும் இப்படித்தானாம், அடிக்கடி வேண்டியதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாவிட்டால் எத்தனை தரம் துடித்தாலும் காத்திருப்பதுதான் மிச்சமாம். "காலர் வரலைன்னா ஏன்ணா சும்மா இருக்கீங்க, அடுத்த சட்டையோட காஜாவை எடுங்க" என்றாள். ஒரே அளவுச் சட்டைகளுக்கு நாலு துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டச் சொன்னாள். டக் டக் பெட்டி மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் சட்டை குவிந்தது மச்சான், குவிந்தது! என் மகள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன்.

ஒரே ஒரு தவறு நடந்தது, அதையும் மறைக்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிடுவதும் பிராசசரின் கெட்டிக்காரத்தனம் என்று அவள் சொன்னதைக் கேட்டு, வருஷா வருஷம் இதே சமயத்தில் பேன்ட் தைக்கக் கொடுக்கும் பல் டாக்டருக்குப் போன வருஷத்து அளவிலேயே வெட்டி, தைத்து, இஸ்திரியும் போட்டு வைத்துவிட்டேன். மனுஷர் வந்தார். வயிறு முதலில் வந்தது, அவர் பிறகு வந்தார். "ஊகம் தப்பினா செஞ்சதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு முதல்லருந்து வரணும்ப்பா. பிராசசர்லயும் அதே நஷ்டந்தான்" என்றாள். அந்தப் பேன்ட் இப்போது என் இடுப்பில் இருக்கிறது.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகுதான், போன ஞாயிறு அந்த மூணரை பிராசசர் போட்ட அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்தேன். தங்கள் மகனின் கல்யாண வீடியோவைச் சுருக்கித் தரும்படி இரண்டு மிஷினுக்கும் ஒரே வேலை கொடுத்தோம். தங்கள் அஞ்சு போட்ட இரைச்சலில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். பிறகு சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மூணரை சத்தமில்லாமல் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. தாங்கள், "கரண்ட்டு சரியில்ல மாப்ளே" என்றீர்கள். ஒரே கரண்ட், மச்சான். ஒரே பிளக்கு.

ஆகவே, அடுத்த வாரம் அதே சொந்தம் எங்கள் வீட்டில் கூடும்போது, அதே மேசையில், கிகாஹெர்ட்ஸ் என்பது வெறும் டக் டக் பெட்டி, அதில் ஒன்றும் இல்லை என்று தாங்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். என் பெண்ணின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். இதை நான் வேண்டுகோளாகத்தான் எழுதுகிறேன், ஆனால் வேண்டுகோள் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிறைந்த புத்தியும் பெற்று வாழட்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற பெருமையில் தூக்கம் மறந்த,
தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் கடிதத்தை என் பெண்ணிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்பா, நான் எந்தப் பகுதியில வேலை பாக்குறேன்னு நீங்க இதுவரைக்கும் கேட்டதே இல்லையே" என்றாள். கேட்டதில்லைதான். கடிகாரப் பகுதியாம், மச்சான். அந்தத் துடிப்பு சிப்பின் எல்லா மூலைக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரும்படி செய்கிற குழுவாம். ஒரு மூலைக்கு மயிரிழை பிந்திப் போனாலும் உள்ளே வேலையெல்லாம் குழம்பிப்போகுமாம். எனவே மேலே டக் டக் பெட்டியைப் பற்றி நான் எழுதிய வரிகளை அடித்துவிட்டுப் படிக்கவும்.

இன்னொன்று. தங்கள் மிஷினில் இருப்பதும் அவள் கம்பெனியின் பழைய பிராசசர்தானாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் அவள் குழுவும் ராப்பகலாக உட்கார்ந்து எட்டிப்பிடித்ததுதான் அந்த அஞ்சாம். "மாமா அன்னைக்கு அஞ்சு அஞ்சுன்னு சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கலப்பா, அதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்" என்கிறாள்.

ஆகவே அடுத்த வாரம் தாங்கள் எதையும் திரும்பப் பெற வேண்டாம். அன்றைக்குச் சொன்ன அதே அஞ்சை, அதே மேசையில், இன்னொரு தரம் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.