இடப்பக்கம் வாசல் வைத்த வீடு

கூர்
சுவிற்சர்லாந்து
1988 ஐப்பசி

அன்புள்ள மச்சான் தம்பித்துரைக்கு,

இங்கே நானும் மகன் சச்சியும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகம். வில் நகரத்தில் நீரும் தங்கச்சி இராஜேஸ்வரியும், கோபித்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கும் என் மனைவியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உமது அக்காவுக்காகச் சற்றுக் கூடுதலாகவே வேண்டினேன்.

இது என் கையால் எழுதும் கடிதம். இதுவரை நான் சொல்லச் சொல்லச் சச்சிதான் எழுதினான். நான் பத்துச் சொன்னால் அவன் இரண்டு எழுதுவான். மருமகள் ஜெயகௌரி இந்த வயதில் எனக்கு எழுத்துப் பழக்கிய பிறகு அந்தக் குறை தீர்ந்தது. எழுத்து மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் ஒருவரும் இடையில் வெட்டுவதில்லை. ஆகவே ஆறுதலாக இருந்து வாசியும். உமது அக்காவுக்கும் வாசித்துக் காட்டும். என் பெயரில் வரும் கடிதத்தை அவள் நேரே கையில் வாங்கமாட்டாள்.

அவள் ஏன் புறப்பட்டாள் என்பதை அவள் வாயால் கேட்டிருப்பீர். என் பக்கத்தையும் கேளும். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்றுதான், அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். எங்கள் நாள் செவ்வாய். தில்லைநாயகி வெள்ளிக்கிழமை முழுகிவிட்டுச் சேலையைத் தோய்த்து, மேல்மாடி மனிசியின் கொடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரித்துவிட்டாள். மனிசி வந்து சத்தம் போட, ஜெயகௌரி உமது அக்காவின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டாள். தனக்காக இன்னொருத்தி மன்னிப்புக் கேட்டதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. "எனக்கெண்டு ஒரு வாசல் வேணும். அதுவும் கிழக்குப் பாத்த வாசல். அது கிடைச்சால் வாறன், இல்லாட்டி தம்பியோடையே கிடக்கிறன்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினாள். இந்த ஊரில் இருக்கிற வாசலே கிடைப்பது கஷ்டம், திசை பார்த்து யார் தருவான்?

அப்போதுதான் வரதராசா வந்தார். டாவோஸ் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறார், ஜெர்மன் கதைப்பார், சாத்திரமும் பார்ப்பார். "அண்ணை, வீடு கிடைக்காட்டி வோன்வாகன் ஒண்டு பாப்பம்" என்றார். அதென்னவென்றால், சில்லுப் பூட்டிய வீடு. காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். ரைன் ஆற்றங்கரையில் யோஸ் என்றொருவர் அவற்றை நிறுத்தும் வளவு வைத்திருக்கிறார், பழையவற்றை விற்கவும் செய்கிறார், வருடம் முழுவதும் குடியிருக்க அங்கே ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அடுத்த லீவு நாளிலேயே இருவரும் போனோம்.

விற்பனைக்கு வைத்தவை எல்லாம் வேலியோரம் வரிசையாக நின்றன. வரதராசா தன் திசைகாட்டியை எடுத்து முதலாவதன் முன்னே பிடித்தார். "தெற்கு வாசல்." இரண்டாவதற்குப் போனார். "இதுவும் தெற்கு." இப்படியே வரிசையின் முடிவு வரை போய், திரும்பி வந்து, "அண்ணை, ஒண்டும் சரிவராது, எல்லாம் யமன்ரை திசை" என்றார். யோஸ் உள்ளே வந்து பார்க்கச் சொல்லிக் கதவுகளைத் திறந்தார், நாங்கள் ஒன்றிலும் கால் வைக்காமல் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கவலைப்பட்டோம். மறுகிழமை இன்னொரு முறை கேட்டுப் பார்ப்போமென்று போனபோது யோஸ் உழவு யந்திரத்தைக் கொழுவி அந்த வண்டிகளில் ஒன்றை இழுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். எங்கள் கண்ணுக்கு முன்னால் அந்தத் தெற்கு வாசல் மேற்கு வாசலாகி, வடக்கு வாசலாகி, கிழக்கு வாசலாகி நின்றது. நானும் வரதராசாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் திசைகாட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டபடி, "சாத்திரத்திலை சில்லைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

அதன்பிறகு உள்ளே போய்ப் பார்க்கத் தொடங்கினோம். பழையது வாங்குவதென்றால் ஈரந்தான் முதல் எதிரி என்று யோஸ் சொன்னார். யன்னல் மூலைகளில் பெருவிரலால் அழுத்த வேண்டும், சுவர் கெட்டியாக இருந்தால் நல்லது. முதலாவதை அழுத்தினேன், விரல் பழுத்த பப்பாப்பழத்துக்குள் போவதுபோல் உள்ளே போய் வெளிக்காற்றைத் தொட்டது. யோஸ் கோபிக்கவில்லை, "இதை இப்ப ஒருத்தருக்கும் விக்கேலாது, உமக்கு நன்றி" என்று சொன்னதாக வரதராசா சொன்னார். இரண்டாவதில் சுவர் நல்ல கெட்டி, ஆனால் கக்கூசும் அடுப்பும் அருகருகே. இருந்த இடத்தில் இருந்தபடியே கை நீட்டித் தேத்தண்ணி வைக்கலாம் என்று யோஸ் அதைப் பெருமையாகக் காட்டினார். உமது அக்காவிடம் இதை நான் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தே வெளியே இறங்கிவிட்டேன். மூன்றாவதில் படுத்துப் பார்த்தேன். கால் நீட்டினால் தலை அலுமாரிக்குள் போனது.

நான்காவது நல்லது. கூரைப் பொருத்து ஒழுகவில்லை, குளிருக்குச் சூடாக்கியும் வேலை செய்தது. எடுப்போம் என்றபோதுதான் யோஸ் ஒரு சட்டம் சொன்னார். ஆறு பெருகினால் உடனே இழுத்துக்கொண்டு போவதற்காக, அவருடைய வளவில் நிற்கும் எல்லா வண்டிகளுக்கும் காரில் கொழுவும் முனை பாதையைப் பார்த்தே இருக்க வேண்டும். எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பாதை தெற்கே. இந்த நாட்டு வோன்வாகன்களுக்கு வாசல் வலப்பக்கம். வரதராசா அந்த இடத்தில் முனையைப்போலத் தானே தெற்குப் பார்த்து நின்று வலக்கையை நீட்டினார். கை மேற்கே நீண்டது. "அண்ணை, சில்லிருந்தும் பிரயோசனமில்லை" என்றார்.

நான் அவருடைய மற்றக் கையைப் பார்த்தேன். "வரதராசா, வாசல் இடப்பக்கம் இருக்கிற வண்டி உலகத்திலை இல்லையோ, கேளும்" என்றேன். கேட்டார். யோஸ் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, கொட்டிலின் பின்னால் காஞ்சோன்றிப் பற்றைக்குள் நின்ற ஒன்றிடம் கூட்டிப்போனார். ஓர் இங்கிலாந்துக்காரர் விட்டுவிட்டு ரெயிலில் ஊர் போய்விட்டாராம். வீதியோரம் நிறுத்தினால் வாசல் ஓடும் கார்களின் பக்கம் திறக்கும் என்பதால் ஒருவரும் வாங்கவில்லை. விரலால் எல்லா மூலையும் அழுத்தினேன், கல்லுப்போல இருந்தது. அடுப்பு அக்கினி மூலையில் இல்லை. வரதராசா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, நல்ல மனிசன்.

"இதைத்தான் வேணுமெண்டு ஏன் நிக்கிறியள் எண்டு யோஸ் கேக்கிறார் அண்ணை" என்றார் வரதராசா.

"விடியச் சூரியனைக் கும்பிட எண்டு சொல்லும்."

யோஸ் கிழக்கே நின்ற மலையைக் காட்டி ஏதோ சொன்னார். "மாரியிலை இஞ்ச சூரியன் மலைக்கு மேலை வர நல்லா நேரம் செல்லுமாம்."

"பறுவாயில்லை, மனிசியும் குளிருக்கு அப்பதான் எழும்பும்."

சச்சி வந்து விலை பேசி முடித்தான். இப்போது வண்டி எங்கள் இடத்தில், நான்கு மூலையும் முட்டுக் கொடுத்து, சில்லுக்குக் கல் வைத்து, கிழக்கைப் பார்த்தபடி நிற்கிறது. கொடி நானே கட்டினேன், அதற்கு ஏழு நாளும் எங்கள் நாள்தான். ஆகவே மச்சான், கோபத்தை ஆற்றி அவளை அனுப்பி வையும். உங்கள் எல்லோருக்கும் பிள்ளையாரின் காவலும், வரப்போகும் பனிக்காலத்தில் வழுக்காத கால்களும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உமது அத்தான்
பாலேந்திரன்

பிற்குறிப்பு: நான் இதை எழுதி முடிக்குமுன்பே உமது அக்கா வந்து இறங்கிவிட்டாள். சச்சி தொலைபேசியில் உமக்கு எல்லாவற்றையும் நாலு சொல்லில் சொல்லிவிட்டானாம். அவள் வண்டிக்குள் போய் அலுமாரி லாச்சிகளை இழுத்து, யன்னலைத் திறந்து மூடி, வாசலில் நின்று மலையைப் பார்த்து, "நல்ல வீடு" என்றாள். நான் சந்தோசமாகச் சப்பாத்தை மாட்டினேன்.

"எங்கை போறியள்?"

"என்ரை சாரத்தையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வாறன்."

"இதுக்கை ரெண்டு பேருக்கு இடமெங்கை? நீங்கள் மோனோடை இருங்கோ. பின்னேரம் தேத்தண்ணிக்கு வாங்கோ."

ஆகவே நான் சச்சியின் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். அவளுக்கு வாசித்துக் காட்டும் என்று மேலே எழுதியதை விட்டுவிடும். தினமும் பின்னேரம் போய்க் கதவைத் தட்டுகிறேன், யாரென்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் வீட்டுக்கு நான் விருந்தாளியாகப் போனதில்லை. நன்றாக உபசரிக்கிறாள், நேற்று வடையும் சுட்டிருந்தாள்.